கிணற்றடித் தோட்டத்துக்கு முன்பணம் வாங்க வேண்டாம்

சேர்ரலுங்கா தால்பா, இத்தாலி
டிசம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். பாப்பா கல்யாணத்துக்காகக் கிணற்றடித் தோட்டத்தை விற்கப் போவதாக, பாப்பா கையெழுத்தில் நீங்கள் எழுதச் சொன்ன கடிதம் வந்து இருபது நாளாகிறது. மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தப்புதான். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

நான் வேலை செய்யும் இந்த வீட்டுக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து ஒயின் செய்கிறவர்கள். பெரியவர், மகள், மருமகன் மூவருமே தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கு போலப் பந்தல் கிடையாது. மலைச்சரிவில் வரிசையாகக் கம்பி கட்டிக் கொடியை நிறுத்துகிறார்கள். கவாத்து செய்து நான்கு மாதத்தில் பழம் பறிப்பவர்கள் நாம். இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடைதான். பழத்தின் பெயர் நெப்பியோலோ. தோல் மெல்லியது. சாம்பல் பூசியதுபோல் இருக்கும். விரலால் தேய்த்தால்தான் கருப்பு தெரியும். அதன் ஒயின் நாவற்பழம்போல் நாக்கைப் பிடிக்கிறது. அம்மா, கோபித்துக்கொள்ளாதே. பெரியவர் கொடுத்தார் என்று ஒரே ஒரு வாய்தான்.

அப்பா, இவர்களுக்கு நான்கு இடத்தில் தோட்டம் இருக்கிறது. தெற்கு பார்த்த ஒரு சரிவின் பழத்தை மட்டும் மற்றதோடு சேர்ப்பதே இல்லை. தனித் தொட்டி, தனிப் பீப்பாய், பாட்டிலில் அந்தச் சரிவின் பெயர். இந்த ஒயினுக்குப் பரோலோ என்று பெயர். அதைச் செய்யும் வட்டாரத்தில் இப்படி 181 இடப்பெயர்களை 2010-இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பரோலோ என்று சொல்லி விற்க 38 மாதம் காத்திருக்க வேண்டும். அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். நான் அக்டோபரில் பறித்த பழம் கடைக்குப் போக மூன்று வருடத்துக்கு மேலாகும். பெரியவர் அந்தச் சரிவின் வெளிறிய சுண்ணாம்பு மண்ணை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிக் காட்டினார். நீங்கள் கிணற்றடித் தோட்டத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

குளிர் பழகிவிட்டது. அறையில் இருந்த மற்ற மூவரும் அறுவடை முடிந்து போய்விட்டார்கள். இப்போது இடம் தாராளம். பக்கத்து வீட்டுத் தாத்தா நடுஇரவில் நாயோடு காட்டுக்குப் போவார். மண்ணுக்கடியில் விளையும் வெள்ளைக் காளானை நாய் மோப்பம் பிடிக்கும். இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் இருட்டில் போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பூண்டையும் உப்பு நெத்திலியையும் ஆலிவ் எண்ணெயில் கரையக் காய்ச்சி, காய்கறியைத் தோய்த்துச் சாப்பிடச் சொன்னார். சட்டியைத் திறந்ததும் உன் கருவாட்டுக் குழம்பு வாசனை, அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூண்டுக் காரம் என்று நினைத்துத் தாத்தா தண்ணீர் எடுக்க ஓடினார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, கிணற்றடித் தோட்டத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பெரியப்பாவை வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாப்பா கல்யாணத்துக்கு நான் இருக்கிறேன். இந்த மாதம் அனுப்பியது குறைவுதான். கவாத்து வேலை ஜனவரியில் தொடங்கியதும் சேர்த்து அனுப்புகிறேன். நான் இங்கே நன்றாகச் சாப்பிடுகிறேன், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் வைகாசி வரை தவணை கேளுங்கள். வடக்கு மூலையில் சாய்ந்திருந்த கல்தூணுக்கு முட்டுக் கொடுத்தீர்களா? அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பந்தலையே இழுத்துவிடும்.

உங்கள் அன்பு மகன்