மூடியைத் திறக்க வராத பிள்ளைக்கு என்ன ஸ்நாக்ஸ் கட்டுவது? மழலையர் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் பள்ளி நிர்வாகத்துக்கும் வகுப்பு ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

நாலு வயது இன்னும் முடியாத ஒரு பையனின் அம்மா எழுதுகிறேன். மாத ஆரம்பத்தில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் ஸ்நாக்ஸ் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஆரோக்கியமானதை மட்டும் கொடுத்தனுப்பவும், பாக்கெட் தின்பண்டம் கூடாது. சரி, நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. நானும் அதை நம்பி விடிகாலையில் எழுந்து ஆப்பிளை நறுக்கி, முட்டையை அவித்து அழகாக அடுக்கி அனுப்பினால், மூன்று நாள் தொடர்ந்து டப்பா அப்படியே திரும்பி வந்தது. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை போல என்று நானே முடிவு கட்டி, நாலாம் நாள் வேறு என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான்: "மூடி திறக்க வரலம்மா, மிஸ் பிஸியா இருந்தாங்க."

பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். நாலு பக்கமும் கிளிப் வைத்த டப்பா அது, எனக்கே நகம் உடையும். வீட்டில் ஒரு தடவைகூட அவனைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல், ஏனென்றால் வாசலில் நின்று பேசிப் பார்த்ததில் இன்னும் பல அம்மா அப்பாக்களுக்கு இதே கதைதான்.

இந்த வயதில் வயிறு சின்னது. காலையில் சாப்பிட்டது இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால் பெரியவர்களுக்குக் கொறிக்கிற சமாசாரமாக இருப்பது இவர்களுக்கு ஒரு குட்டிச் சாப்பாடு, அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும். ஒரு பழமோ காயோ, அதோடு பசி தாங்குகிற ஏதாவது ஒன்று, இவ்வளவுதான் கணக்கு. வாழைப்பழத் துண்டும் கெட்டித் தயிரும். நாலாக வெட்டிய அவித்த முட்டையும் வெள்ளரியும். மெத்தென்று வேகவைத்து விரலால் லேசாக நசுக்கிய கொண்டைக்கடலையும் ஆரஞ்சுச் சுளையும் (இந்தச் சேர்க்கை எனக்குப் பிடிக்கும், ஆரஞ்சில் இருக்கும் வைட்டமின் சி கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுகிறது). வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு விரல் நீளத்துக்கு. பிரெட்டில் மெல்லிசாகத் தடவிய நிலக்கடலை வெண்ணெய், வகுப்பில் யாருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இல்லையென்றால் மட்டும், அது யார் யாருக்கு இருக்கிறது என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். எதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, பாதியை முந்தைய இரவே தயார் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். ஆப்பிள் கறுத்துப்போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்துவிட்டால் போதும். மிருக வடிவத்தில் வெட்டுவது, கண் மூக்கு வைப்பது எல்லாம் படம் எடுக்கத்தான் நன்றாக இருக்கும். என் பையன் அந்தக் கரடியைச் சாப்பிட மாட்டேன், பாவம் என்று அழுதான்.

இனி அந்த ஒரு வரிச் சுற்றறிக்கையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத விஷயம். ஆரோக்கியமானது எல்லாம் இந்த வயதுக்கு ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது. முழுத் திராட்சை சத்தானதுதான், ஆனால் அது உருண்டையாக, வழுவழுப்பாக, குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கிற அளவில் இருக்கிறது. நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். குட்டித் தக்காளிக்கும் அதே விதி. பச்சைக் கேரட் துண்டு, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் இவை நாலு வயதுவரை வேண்டாம், முந்திரி, பாதாம், நிலக்கடலை மாதிரியான முழுப் பருப்பு வகைகள் ஐந்து வயதுவரை வேண்டாம். கடைவாய்ப் பல் முளைத்துவிட்டதே என்று தோன்றும், ஆனால் அரைத்து மெல்லும் பழக்கம் அதற்கப்புறம்தான் மெதுவாக வருகிறது. போன வாரம் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் முழுத் திராட்சைக் குலை இருந்ததாக மகன் வந்து சொன்னான், அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதோடு சாப்பிடும்போது உட்கார்ந்தே சாப்பிட வேண்டும், வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

வெயில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். தயிர், முட்டை, சீஸ் மாதிரியானவை சாதாரண அறையில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நீங்கள் பைகளை மாட்டுகிற கொக்கிகள் ஜன்னலோரம் இருக்கின்றன. நான் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை டப்பாவை ஒட்டி வைத்து அனுப்புகிறேன், நீங்கள் அந்தப் பைகளை நிழலுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பழச்சாறு பாக்கெட்டையும் பலர் நல்லது என்று நினைத்து வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரை அளவைக் குறைக்கச் சொன்னபோது, தேனையும் பழச்சாற்றையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தது. மூன்று வயதுவரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் சாறு வேண்டாம் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். பழமாகக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வைத்தால் முடிந்தது கதை.

இப்போது கொஞ்சம் கோபமான பகுதி. பாக்கெட் தின்பண்டம் கூடாது என்று எங்களுக்கு எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் "சமர்த்தாக இருந்த" பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறீர்களே, அது எந்தக் கணக்கு? சமர்த்தாக இல்லாத நாளில் என் பையன் அந்த மிட்டாயைப் பற்றித்தான் இரவு முழுக்கப் பேசுகிறான். லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் 1980-ல், இதே வயதுப் பிள்ளைகளை வைத்துத்தான் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்தால் அதன்மேல் பிள்ளைக்கு ஆசை கூடுகிறது, சரி, அது நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் பரிசு எதுவும் இல்லாமல், பெரியவர் ஒருவர் அன்பாக இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே கொடுத்தாலும் ஆசை கூடியது! 1984-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றையும் கண்டார்கள்: இதைக் குடித்தால் அதைத் தருகிறேன் என்று பேரம் பேசினால், குடிக்கச் சொன்ன பண்டம் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகிறது. ஆக, நான் வீட்டில் தலைகீழாக நின்றாலும் வராத மரியாதை, வேகவைத்த ஒரு கேரட் துண்டுக்கு, மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தால் வந்துவிடும். உங்களிடம் இவ்வளவு பெரிய சக்தி இருக்கும்போது அதை மிட்டாய்க்குச் செலவு செய்வதுதான் எனக்கு ஆறவில்லை. பரிசுதான் வேண்டுமென்றால் ஒட்டுப்படம் கொடுங்கள், கையில் நட்சத்திரம் வரையுங்கள்.

"முழுசா முடிச்சாத்தான் விளையாடப் போகலாம்" என்பதும் அதே பேரம்தான், அதையும் விட்டுவிடுங்கள். என்ன வைப்பது என்பது எங்கள் வேலை, எப்போது எங்கே உட்கார வைப்பது என்பது உங்கள் வேலை, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையின் வயிறு பார்த்துக்கொள்ளும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டாலே முகம் திருப்புகிற காலம், ஒரே பண்டத்தைப் பத்துப் பதினைந்து தடவை காட்டினால்தான் சிலது நாக்கில் ஏறும். திரும்பி வந்த டப்பாவைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே சாப்பிடல" என்று டைரியில் சிவப்பு மையில் எழுதாதீர்கள், அதைப் பார்த்து நாங்கள் மறுநாள் பயந்துபோய் பிஸ்கட் வைக்கிறோம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஸ்நாக்ஸ் நேரம் இப்போது பத்து நிமிடம், அதில் கை கழுவவே ஐந்து போகிறது, அதை இருபதாக்குங்கள். உட்கார்ந்ததும் ஒரு சுற்று வந்து எல்லா மூடியும் திறந்துவிட்டதா என்று பாருங்கள். திராட்சை, பருப்பு, ஒவ்வாமை பற்றி அடுத்த சுற்றறிக்கையில் நாலு வரி சேர்த்து எழுதுங்கள், எழுதித் தர நேரமில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். வெள்ளிக்கிழமை மிட்டாயை நிறுத்துங்கள்.

நாளைக்குப் புது டப்பா, ஒரே அழுத்தில் திறக்கிற மாதிரி. நேற்றும் இன்றும் வீட்டில் பழக்கிவிட்டேன், எட்டில் ஆறு தடவை அவனே திறந்தான். உள்ளே தயிரும் வாழைப்பழமும் இருக்கும். அந்த மீதி இரண்டு தடவைக்கு மட்டும் பக்கத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அம்மா