200 ரூபாய்க்குள் ஒரு மேக்கப் பக்கம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தினமும் போட்டுக்கொள்ள எளிய மேக்கப் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பேனாவால் விலையைக் கூட்டிப் பார்த்தேன். ஏழு பொருள், 4,150 ரூபாய். நான் தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். எளிய என்றால் உங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தமோ, எங்கள் வீட்டில் அது ஒரு மாத மளிகை.

மேக்கப்பே வீண் என்று சொல்ல வரவில்லை, எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் பாலக்கோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாருங்கள், கடை வேலைக்குப் போகிறவர்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லார் கைப்பையிலும் ஒரு கண்மை, ஒரு லிப்ஸ்டிக், காகிதத்தில் மடித்த கொஞ்சம் பவுடர் இருக்கும். எங்கள் கடையில்கூட கஸ்டமர் முன்னால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். பளிச்சுக்கு ஆகும் செலவு நம் சம்பளத்தில்தான்.

சரி, கன்னத்துக்கு நிறம் கொடுக்கப் போடுகிற பிளஷ்ஷுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் 120 ரூபாய்க்கு இளம் ரோஸ் நிறத்தில் ஒரு டப்பா வாங்கினேன். கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் மணிக்கட்டில் தடவிப் பார்த்தபோது தாமரை மாதிரி இருந்தது. வெளியே வந்து வெயிலில் போன் கேமராவைத் திறந்து கன்னத்தைப் பார்த்தால், கோலமாவுக் கையை வைத்து எடுத்த மாதிரி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வெளிர் ரோஸ் பொடிகளில் வெள்ளைச் சாயம் நிறையச் சேர்ந்திருக்கும், மாநிறத்திலும் கறுப்பிலும் அது அப்படியே மேலே எழும்பித் தெரியும். நமக்கு எடுப்பது செங்கல் நிறம், பழுத்த நாவல்பழ நிறம், மாதுளைச் சிவப்பு. டப்பாவில் பார்க்கும்போது பயமாக இருக்கும், ஐயோ இவ்வளவு அடர்த்தியா என்று தோன்றும், கன்னத்தில் தட்டித் தேய்த்தால் வெயிலில் நடந்து வந்த முகம் மாதிரி இயல்பாக அமைந்துவிடும். உங்கள் பக்கத்தில் சொன்ன மூன்று நிறமும் வெளிர். படத்தில் இருந்த பெண்ணும் எங்கள் ஊர்ப் பெண் மாதிரி இல்லை.

இன்னொன்று. 'கண்ணாடி முன் நன்றாகச் சிரியுங்கள், கன்னம் உருண்டு வரும் இடத்தில் தடவுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு எவ்வளவு என்பது உங்கள் நிருபருக்குத் தெரியாததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் புளோரைடால் பல்லில் பழுப்புக் கறை. தனியாகக் கண்ணாடி முன் நிற்கும்போதுகூட எனக்கு வாய் மூடியபடிதான் சிரிப்பு வரும். சிரிக்காமலும் தடவலாம். கண் முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே எலும்பு தட்டுப்படும், அங்கே ஆரம்பித்துக் காது பக்கம் மேலே இழுத்துவிட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, ஒரு வரியில் நீங்களே சொல்லியிருக்கலாம்.

அந்த 120 ரூபாய் டப்பாவோடு கதை முடியவில்லை. இரண்டு நாள் போட்டதும் வலது கன்னத்தில் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். அப்போதுதான் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, செய்தவர் யார், எந்த ஊர் என்று ஒன்றும் இல்லை, விலைக்கு மேல் இன்னொரு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டால், எல்லாரும் இதைத்தானே வாங்குகிறார்கள் என்கிறார். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டமும் 2020இல் வந்த அழகுசாதன விதிகளும் இந்த டப்பாவுக்கும் சேர்த்துத்தான். செய்தவர் பெயர், முகவரி, பேட்ச் நம்பர், உற்பத்தி உரிம எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும். விலை குறைவு என்பதற்காக நான் பயப்படுவதில்லை. 100 ரூபாய்க்கும் ஒழுங்கான லேபிளோடு பொருள் கிடைக்கிறது, மெடிக்கலிலேயே கிடைக்கிறது. ஊர் பேர் இல்லாத டப்பாவை இனி தொடுவதில்லை. புதிதாக எது வாங்கினாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வரும். கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரில் பத்துப் பேர் விரல் பட்டிருக்கும், அதை மணிக்கட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது நான் போடுவது இதுதான். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, செங்கல் நிற லிப்ஸ்டிக்கை மோதிர விரலில் தொட்டு இரண்டு கன்னத்திலும் ஒரு பொட்டு, விரலாலேயே தட்டித் தட்டிப் பரப்பிவிட்டு, அதற்கு மேல் பாண்ட்ஸ் பவுடரைப் பூத்தாற்போல ஒற்றிக்கொள்வேன். பவுடரை முதலில் போட்டுவிட்டு மேலே லிப்ஸ்டிக்கைத் தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும், பஸ்ஸில் வியர்த்தால் இன்னும் மோசம். அப்புறம் கண்மை, அதே லிப்ஸ்டிக் உதட்டுக்கும். பவுடரும் கண்மையும் எப்படியும் வீட்டில் இருப்பவை, புதிதாக வாங்கியது 160 ரூபாய் லிப்ஸ்டிக் ஒன்றுதான், நான்கு மாதமாகப் போகிறது. முகப்பரு அதிகம் வருகிறவர்களுக்கு லிப்ஸ்டிக்கைக் கன்னத்தில் போடுவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், என் அக்கா மகளுக்கு ஒத்துவரவில்லை, அவள் பொடி பிளஷ்தான்.

பில் போடுகிறவள் என்பதால் வரியும் கண்ணில் படுகிறது. குங்குமத்துக்கும் பொட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. முகப் பவுடருக்கு 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், லிப்ஸ்டிக் மட்டும் 18லேயே நிற்கிறது. பவுடர் அத்தியாவசியம், லிப்ஸ்டிக் ஆடம்பரம் என்று யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் எங்கள் கவுன்டரில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

எனவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் போடும்போது மொத்தம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். படத்துக்கு எங்கள் நிறத்தில் ஒருவரைக் கூப்பிடுங்கள். லேபிளில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தால், அதை வெட்டி எங்கள் கடை ஓய்வறைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்