களித் துடுப்பை எடுத்து வைத்திருக்கிறேன்

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

பெங்களூரில் தனி வீடு பார்த்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, சரி. உன் சம்பளத்தில் நீயே வாடகை கட்டுகிறாய் என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

பாத்திரம் என்னென்ன வாங்குவது என்று கேட்டாயாமே. அம்மா சொன்னதில் பாதி வேண்டாம். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கு. கூடவே ஒரு காஸ்கெட் வாங்கி வை, அது இற்றுப்போகும் நாளில் கடை திறந்திருக்காது. ராகிக் களிக்கு அடி கனமான குண்டான், இரும்புத் தோசைக்கல், நல்ல கத்தி. மற்றதெல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். கல்லைக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, சூடாக்கி ஆறவிடு. மூன்று நாள் இப்படிப் பழக்கினால்தான் தோசை ஒட்டாமல் வரும்.

சிலிண்டர் வந்ததும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் பார். ஓர் ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும், அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதே.

அப்புறம் அந்தக் கூடாரப் படம். அம்மாவின் போனில்தான் பார்த்தேன். கூடாரத்துக்குள் சின்ன கேஸ் அடுப்பு எரிகிறது, நீ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மூடின இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. மழை பெய்தாலும் சரி, அடுப்பை வெளியே வை. தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, தார்ப்பாய், நைலான் கயிறு கையில் இருக்கட்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும் என்று உனக்கே தெரியும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் தங்காதே, தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்காதே. கூட யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுப்பு மட்டும் வெளியே இருக்கட்டும்.

பொங்கலுக்கும் வரவில்லை. மூன்று மணி நேரப் பயணம்தானே என்று எழுத வந்தேன், கை வரவில்லை.

அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது நீ பத்தாவது. விடியற்காலையில் எழுந்து களி கிண்டினாய். கட்டி கட்டியாக இருந்தது. "இதை மனுசன் தின்பானா" என்று தட்டைத் தள்ளினேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தட்டை எடுத்துப்போய்ப் பின்வாசலில் உட்கார்ந்து தின்றாய். எனக்கு அன்று அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாது. இதை அம்மாவிடமும் சொன்னதில்லை.

போன மாசம் நானே கிண்டிப் பார்த்தேன். ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். கொதிக்கும்போது மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழி செய்து வேகவிட்டுத்தான் கிண்ட வேண்டுமாம். நான் அவசரப்பட்டேன். உன்னுடையதைவிடப் பெரிய கட்டி. முழுதும் சாப்பிட்டேன்.

ஆயா களி கிண்டின துடுப்பு பரண்மேல் கிடந்தது, ஒரு பக்கம் தேய்ந்து சரிந்த அதே துடுப்புதான். கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா?

அப்பா

அடுப்பு வெளியே, பாப்பா.