குளக்கட்டில் கவிதை வகுப்பு

பெற்றோருக்கு வணக்கம். தரம் 6, 7 பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வரும் சனி பின்னேரம் 4 மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில் நடக்கும்.

1. படிப்பது கவிதைக்கு அழகு சேர்க்கும் மூன்று அணி. 'கண்ணாடி போன்ற குளம்' உவமை. 'போன்ற' போய்க் 'குளக்கண்ணாடி' ஆனால் உருவகம். கொக்கு இயல்பாக ஒற்றைக்காலில் நிற்க, 'மழை வேண்டித் தவம் செய்கிறது' என்று நாங்கள் காரணம் கற்பித்தால் தற்குறிப்பேற்றம். வரைவிலக்கணம் பாடமாக்க வேண்டாம், பார்த்தாலே விளங்கும்.

2. இன்றிரவே பிள்ளையிடம் முற்றத்துப் பாலைமரத்தைக் காட்டி, "எதைப்போல இருக்கு?" என்று கேளுங்கோ. சொன்னதைத் திருத்தாமல் அப்படியே கொப்பியில் எழுதவிடுங்கோ. இதுதான் முக்கியம்.

3. கொப்பி, பென்சில், தொப்பி, தண்ணீர்ப் போத்தல். தண்ணீர்க்கரை என்பதால் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் கூட வரவேணும்.

4. வருவோர் வெள்ளி இரவு 8 மணிக்குள் பிள்ளையின் பெயரை இங்கே பதியுங்கோ.