சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை நெரிசலைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தை வேளச்சேரியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பெண்களுக்கான இலவச பஸ், ஷேர் ஆட்டோ, மொபெட் ஆகிய மூன்றும்தான் இந்த ஊரை நாசமாக்குகின்றன என்றும், வரி கட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு நிம்மதியாக ஓட்ட இடமில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஷேர் ஆட்டோ நடுச்சாலையில் நிற்கும்போது நானும் பல்லைக் கடிப்பவன்தான். ஆனால் அவர் பார்ப்பது காரின் முன் கண்ணாடி வழியாக மட்டும். நான் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்.

தொழில் ஆக்டிங் டிரைவர். இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் காரைத்தான் ஓட்டுகிறேன். இன்று ஒரு வீட்டில் சின்ன ஆல்டோ என்றால் நாளை இன்னொரு வீட்டில் பெரிய ஃபார்ச்சூனர். வேலை முடிந்ததும் என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டை உதைத்துக்கொண்டு பெரும்பாக்கம் போய்ச் சேருவேன். முன்பு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களை அங்கிருந்து எடுத்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் குடிவைத்தார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை. என் மனைவி அடையாறில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். அதற்காக விடிவதற்குள் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறாள். சொகுசு பஸ் வந்தால் விட்டுவிட்டு, முகத்தில் பிங்க் நிறம் அடித்த சாதாரண பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாதம் ஒரு காஸ் சிலிண்டர் பணம் மிச்சமாகிறது என்பது அவள் கணக்கு. 'ஓசி பஸ்' என்று கடிதக்காரர் எழுதியிருக்கும் பஸ் அதுதான். அவள் அதில் வந்து இட்லி வார்த்து வைத்த பிறகுதான் அந்த வீட்டு ஐயா காரை வெளியே எடுக்கிறார்.

சரி, நெரிசலுக்கு வருகிறேன். மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு வேலை எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை தி.நகருக்குப் புடவை எடுக்க வருவார்கள். உஸ்மான் சாலையில் கடை வாசலில் குடும்பத்தை இறக்கியவுடன் எனக்கு ஓர் உத்தரவு வரும்: “இங்கே நிறுத்த இடமில்லை, போன் செய்யும் வரை ஒரு ரவுண்டு அடித்துக்கொண்டிருங்கள்.” தணிகாசலம் சாலையில் கார் நிறுத்துவதற்கென்றே பல அடுக்குக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நிறுத்தினால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரவேண்டும், அதற்கு மனம் வராது. ஆகவே பனகல் பார்க்கைச் சுற்றி, வெங்கட்நாராயணா சாலையில் ஊர்ந்து, மறுபடி உஸ்மான் சாலை. ஒருமுறை ஒரு கல்யாணப் பட்டுக்காக ஒன்றே முக்கால் மணி நேரம் சுற்றினேன். காருக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, நான் ஒருவன் இருந்தேன். எனக்கு எங்கும் போகவேண்டிய அவசியமில்லை. பின் சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. எனக்குப் பின்னால், தி.நகர் பஸ் நிலையத்துக்குள் நுழைய முடியாமல் ஒரு மாநகர பஸ். படிக்கட்டு வரை ஜனம். கண்ணாடியில் பார்த்தால் டிரைவர் ஸ்டீயரிங் மேல் தாடையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் மறித்துக்கொண்டு நின்றது ஒரு தண்ணீர் பாட்டில்.

இப்படி எத்தனை கார்கள் சும்மா சுற்றுகின்றன என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எங்களுக்குள் முகம் தெரியும், இரண்டாவது ரவுண்டில் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வோம். நடப்பவர்களுக்காக 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தார்கள். நல்ல பாலம்தான், மழையில் நானே அதில் ஒதுங்கியிருக்கிறேன். ஆனாலும் கால் உள்ளவனை மேலே ஏற்றிவிட்டு, கீழே தரையை யாருக்கு விட்டுக்கொடுத்தோம் என்று பார்த்தால் என்னைப்போல் சுற்றுகிறவர்களுக்குத்தான்.

சாலை ஒழுங்கு படித்தவர்களிடம் இருக்கிறது, மொபெட்காரனிடம் இல்லை என்று கடிதக்காரர் சொல்வது இன்னும் வேடிக்கை. ஒழுங்கு ஆளில் இல்லை ஐயா, வண்டியில் இருக்கிறது. நானே சாட்சி. ஆல்டோ ஓட்டும் நாளில் இண்டிகேட்டர் போட்டு, கை காட்டி, கெஞ்சித்தான் தடம் மாறுவேன். ஃபார்ச்சூனரில் ஏறினால் எதிரே வருபவனுக்கு ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துவிட்டு நுழைந்துவிடுவேன். அவன் நிற்பான் என்று தெரியும், நிற்கிறான். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? அன்று மாலை எக்ஸ்.எல்.லில் வீடு திரும்பும்போது அதே மாதிரி லைட் என் கண்ணில் அடிக்கும். அப்போது நான் சொல்லும் வார்த்தையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

மரியாதையும் அப்படித்தான். ஒரு அடுக்குமாடி வாசலில் காலையில் மொபெட்டை வெளியே போடச் சொல்லி, நோட்டில் பெயர், நேரம், போன் நம்பர் எல்லாம் எழுத வைத்தார் காவலாளி. பத்து நிமிடம் கழித்துக் காரோடு வெளியே வருகிறேன், விறைப்பாக ஒரு சல்யூட். கண்ணாடி இறங்கியதும் நான் என்று தெரிந்து கையைப் பாதியில் இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். அவரும் எங்களைப்போல் குடிமாற்றப்பட்டவர்கள் இருக்கும் கண்ணகி நகரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்தான். அவரை நான் குறை சொல்லவில்லை.

சட்டத்தையும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். காரில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொன்னது. பம்பரில் கம்பி மாட்டக்கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. நான் ஓட்டும் வண்டிகளில் ஒன்றில் இன்றும் இரண்டும் இருக்கின்றன. அந்த வண்டியில் போகும்போது ஒருநாளும் யாரும் கை காட்டி நிறுத்தியதில்லை. எக்ஸ்.எல்.லில் போனால் மாதம் ஒரு தடவையாவது ஓரம் கட்டி ஆர்.சி., இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டுகிறேன். தனியார் வாகனங்களில் 'போலீஸ்', 'பிரஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் நடவடிக்கை என 2024-இல் சென்னையில் அறிவிப்பு வந்தபோது, ஒரு முதலாளி என்னிடம் பிளேடு கொடுத்துச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். அதே வாரம் டாஷ்போர்டின் மேல் ஒரு கட்சிக் கரைத்துண்டு வந்து படுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஹெல்மெட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய். சீட் பெல்ட் இல்லையென்றாலும் அதே ஆயிரம். எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லலாம். எனக்கு அது ஒரு நாள் கூலி. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு காபியும் கேக்கும். பின்லாந்தில் அதிவேகத்துக்கான அபராதத்தை ஆளின் வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்களாம், பத்திரிகையில்தான் படித்தேன். படித்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ரேடியோவைக் கூட்டச் சொன்னார்.

ஒரு நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. இடித்துக்கொண்டால் கதை தலைகீழ். மத்திய கைலாஷ் சிக்னலில் ஒரு பையன் ராங் சைடில் வந்து என் பம்பரில் மோதி விழுந்தான். தப்பு முழுக்க அவனுடையது. இரண்டு நிமிடத்தில் கூடிய கூட்டம் ஒரே குரலில் பெரிய வண்டிக்காரன்தான் கொடுக்கவேண்டும் என்றது. காரில் இருந்த முதலாளியம்மா பயந்துபோய் ஐந்நூறு ரூபாயை நீட்டினார்கள். கூட்டம் திட்டியதோ கார்க்காரரை அல்ல, என்னை. அன்று ராங் சைடு பையனிடம் எனக்கு வந்த கோபமும் உங்கள் கடிதக்காரரின் கோபமும் ஒரே கோபம்தான்.

ஆனால் வரி கட்டுகிறோம், அதனால் எங்களுக்கே சாலை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மொபெட்டுக்கும் ஆயுள் வரி கட்டிய பிறகுதான் நம்பர் கிடைத்தது. அண்ணா சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கி, அதில் கார் நுழைந்தால் கேமராவைக் கொண்டு அபராதம் போடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் “ஆமாம் சார், அநியாயம் சார்” என்பேன், அது சம்பளத்துக்கு. மனதுக்குள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என் மனைவியின் முகம் இருக்கும்.

வரும் சனிக்கிழமை எனக்குத் தி.நகர் சவாரி இருக்கிறது. கடிதம் எழுதிய ஐயா அன்று அந்தப் பக்கம் வந்து நெரிசலில் மாட்டிக்கொண்டால், இலவச பஸ்ஸைத் திட்டுவதற்கு முன் அந்த பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் சாம்பல் நிறக் காரின் பின் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். பாட்டில் இருந்தால் ஓட்டுகிறவன் நான்தான்.

இப்படிக்கு,
ஓர் ஆக்டிங் டிரைவர்,
பெரும்பாக்கம், சென்னை.