சரிவு நிலமும் சிறு டிராக்டரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். செங்குத்தான சரிவில் சிறு டிராக்டரைக் கவிழாமல் ஓட்டுவது எப்படி என்பதே அந்தப் பொருள். எரிபொருள் சிக்கனம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டவர்கள் இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் கூட்டத்திலேயே தகராறு. மூத்த உறுப்பினர் ஒருவர், "இருபது வரை நான் ஓட்டியிருக்கிறேன்" என்றார். "இருபதில் புத்தியுள்ளவன் எவனாவது ஓட்டுவானா?" என்று இன்னொருவர் எழுந்தார். நெடுநேரம் வாதிட்ட பிறகுதான் ஒருவர் சதவீதத்தையும் மற்றவர் டிகிரியையும் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. 20 சதவீதம் என்றால் கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் உயர்வது. டிகிரியில் அது 11-ஐச் சற்றே தாண்டும். 20 டிகிரி என்பதோ 36 சதவீதச் சரிவு. சங்கக் கூட்டங்களில் இனி டிகிரியில் மட்டுமே பேசுவது என்று அன்றே தீர்மானம் நிறைவேறியது. இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான காரியங்களில் அதற்கே முதலிடம் தருவேன்.

அடுத்து எழுந்த கேள்வி, எத்தனை டிகிரி வரை ஓட்டலாம் என்பது. ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடுங்கள் என்று பலர் வற்புறுத்தினார்கள். செயற்குழு மறுத்தது. அவரவர் வண்டியின் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் கவிழாது என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

காரணத்தை விளக்க, சாயும் பலகையில் மாதிரி டிராக்டரை வைத்துக் காட்டினோம். பின்சக்கரங்களுக்கு இடையே 100 சென்டிமீட்டர், எடை மையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஏட்டுக் கணக்கில் வண்டி 40 டிகிரி வரை பக்கவாட்டில் சாயாமல் நிற்க வேண்டும். நடைமுறையில் நிற்பதில்லை. முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் ஊசலாடுகிறது. ஆகவே, கவிழத் தொடங்கும் கட்டத்தில் டிராக்டருக்கு நான்கு ஊன்றுகோல்கள் இல்லை. இரண்டு பின்சக்கரங்களும் அந்த முளையும் சேர்ந்த முக்கோணம்தான் அதைத் தாங்குகிறது. எடை மையம் முக்கோணத்தின் கோட்டைத் தாண்டினால், முன் ஆக்சில் தன் தடுப்பில் முட்டுவதற்குள் வண்டி வேகம் பிடித்துவிடுகிறது. முன்சக்கரம் தரையில்தானே இருக்கிறது என்று ஓட்டுநர் நம்பிக்கொண்டிருக்கையில் பின்சக்கரம் எழும்பிவிடுவது இதனால்தான்.

இதற்கு மேல் தரையின் மேடுபள்ளம். மேட்டுப் பக்கப் பின்சக்கரம் 10 சென்டிமீட்டர் கல்லின் மேல் ஏறி, அதே நேரம் பள்ளப் பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால், இந்த 100 சென்டிமீட்டர் அகல வண்டியின் சாய்வில் ஒரே கணத்தில் 11 டிகிரி கூடிவிடும். 15 டிகிரிச் சரிவில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தவர் 26 டிகிரியில் இருக்கிறார். அதன் பிறகு சாய்வுமானி அதைக் காட்டி என்ன பயன்? வேகம் வேறு இதில் சேர்கிறது. ஒரே வளைவை இருமடங்கு வேகத்தில் திருப்பினால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

உறுப்பினர் ஒருவரின் டிராக்டர் மழைக்காலத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததை அனைவரும் அறிவீர்கள். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விவரத்தைச் சொல்ல அனுமதித்தார். பல ஆண்டுகளாக அவர் புல் வெட்டும் அதே சரிவு. அன்று முன்புற லோடர் பக்கெட்டில் வெட்டிய கிளைகள் இருந்தன. பார்வையை மறைக்காமலிருக்க முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். புல்லுக்குள் மறைந்திருந்த அடிக்கட்டையில் மேட்டுப் பக்கச் சக்கரம் ஏறியது. பக்கெட் தரையை ஒட்டி இருந்திருந்தால் வண்டி ஒருவேளை ஆடிவிட்டு நின்றிருக்கும். ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு, நிமிர்ந்திருந்தது, சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். வண்டி கால் சுற்றுடன் நின்றது. அவர் தோளில் சிராய்ப்போடு எழுந்து வந்தார்.

இதை ஒட்டி ரோல் பார் பற்றிய தீர்மானம் கொண்டுவந்தோம். மரக்கிளை தட்டுகிறது, கொட்டகைக்குள் நுழையவில்லை என்று பாரை மடக்குகிறவர்கள் வெளியே வந்ததும் நிமிர்த்த மறந்துவிடுகிறார்கள். நிமிர்ந்த பாரும் பூட்டிய பெல்ட்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. மடக்கிய பாரோடு பெல்ட் போட்டால் கவிழும் வண்டியின் அடியில் நம்மை நாமே கட்டிக்கொள்கிறோம். ஆகவே பார் மடங்கியிருக்கும்போது பெல்ட் கூடாது, பார் மடங்கியிருக்கும்போது சரிவும் கூடாது. பழைய டிராக்டர்களில் பாரே இல்லையே, அவற்றை ஓட்டவில்லையா என்று ஒருவர் கேட்டார். ஓட்டினார்கள், செத்தும் போனார்கள். புதிய டிராக்டர்களுக்கு இத்தகைய காப்பு அமைப்பு கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-இலேயே விதித்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களில் இதைத் தாமாகவே பொருத்த ஒப்புக்கொண்டது 1985-இல். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. எதிர்த்தவர்களும் பெல்ட் போடத் தொடங்கியிருப்பதைக் கவனித்தேன்.

செயல்விளக்க நாளில் அதிக நேரம் எடுத்தது பிரேக். பல சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. பக்கெட்டில் பாரம் ஏற்றிச் சரிவில் முகம் காட்டி இறங்கினால் எடை முன்னே போய்ப் பின்சக்கரங்கள் இலேசாகின்றன. பிரேக்கை மிதித்தால் அவை பிடிப்பின்றிச் சறுக்கும், வண்டி நிற்காது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் இயக்கத்தண்டு வழியாக அந்தப் பிடிப்பில் பங்கெடுக்கும். ஏறுவதற்கு மட்டும்தான் நான்கு சக்கர இயக்கம் என்று நினைத்திருந்தவர்கள் அன்று அதிகம்.

இறங்கும்போது தாழ்ந்த கியர், இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைத்த நிலை, கிளட்சை மிதிக்காத கால். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை இயக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் சரிவின் நடுவே ரேஞ்ச் (வேக வரிசை) மாற்றினால் நெம்புகோல் நியூட்ரலைத் தாண்டும் அந்த நொடியில் வண்டியைத் தடுக்க எதுவும் இல்லை. ரேஞ்சை மேட்டிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

குறுக்கே ஓட்டுவதைவிட நேராக ஏறி இறங்குவதே நல்லது. கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். பின்னால் கனமான கருவி இருந்தால் பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்குவது. பக்கெட்டில் பாரம் இருந்தால் இதற்கு நேர் எதிர். முன்னோக்கி ஏறுகையில் கிளட்சைத் திடீரென விட்டால் பின்புறமாகப் புரளும் ஆபத்து உண்டு. முன்பகுதி எழும்பத் தொடங்கி முக்கால் நொடிக்குள் திரும்ப முடியாத நிலை வந்துவிடும் என்கிறார்கள். மனிதன் நினைத்துச் செயல்பட அது போதாது. மரத்தையோ கல்லையோ இழுப்பதானால் சங்கிலி டிராபாரில், அதாவது பின்னே தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில், மட்டுமே. பின்கருவியைப் பிடிக்கும் மேல் இணைப்பான டாப் லிங்கில் கட்டி இழுத்த ஒருவரை அன்றே கண்டித்தோம். இந்த அறிக்கையிலும் பதிவு செய்கிறேன்.

அகலமும் எடையும் பற்றிச் சுருக்கமாக. ரிம்மைப் புரட்டிப் பொருத்த இடமுள்ள வண்டிகளில் பின்சக்கர இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். பின் டயரில் வால்வை உச்சியில் நிறுத்தி அதன் மட்டம் வரை, அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கு, திரவம் நிரப்பினால் எடை தாழ்ந்து நிற்கும். உறைபனி விழும் நிலத்தில் வெறும் தண்ணீர் உதவாது. கால்சியம் குளோரைடு கலந்தால் உறையாது, ஆனால் ரிம்மை அரிக்கும்.

சரிவில் நிறுத்துவது குறித்துப் புகார்கள் வந்துள்ளன. எஞ்சின் நின்ற பின் ஹைட்ரோஸ்டாட்டிக் மிதி வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பார்க்கிங் பிரேக், தரையில் இறக்கிய கருவி, சக்கரத்துக்குக் கட்டை, கையில் சாவி. இவை இல்லாமல் இறங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.

உறுப்பினர்களின் நிலங்களில் டிராக்டர் இறங்கவே கூடாத சரிவுகளைக் குறித்து ஒரு பதிவேடு தொடங்கினோம். கைக்கருவியால் வெட்டலாம், அல்லது புதராகவே விட்டுவிடலாம். பதிவேடு பாதியில் நிற்கிறது. தன் நிலத்தைத் தானே அபாயம் என்று எழுதிக்கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அடுத்த செயற்குழு நேரில் வந்து அளக்கும்.

சங்கத்தின் சாய்வுமானியை இரவல் வாங்கியவர் யாரென்று பதிவேட்டில் கையெழுத்து தெளிவாக இல்லை. வைத்திருப்பவர் இன்று கூட்டம் கலைவதற்குள் பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்