கைதடி வீடு

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கிழமையாக நீ கோல் எடுக்கவில்லை. உனக்கு வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைக்குச் சளி என்று மருமகள் சொன்னாள், வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுங்கள். இரவு வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

உன் அறை முழுக்கப் படக்கதைப் புத்தகம் அடுக்கியிருப்பதை மருமகள் படம் எடுத்து அனுப்பினாள். சிவகாசியிலிருந்து தபாலில் எடுத்தாயாம், பழைய இரும்புக்கை மாயாவியும் மறுபதிப்பில் இருக்கிறதாம். அம்மா அயலுக்கெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான், இந்த வயதிலும் தமிழில் வாசிக்கிறாய், பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுகிறாய். ஆனால் வீட்டுக் கடன் இருக்கும்போது இவ்வளவு காசா? சரி, உன் உழைப்பு, உன் விருப்பம். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே, அவ்வளவுதான்.

கடைசியாகப் பேசியபோது, மார்கழியில் வந்ததும் கைதடிக்குப் போய் அந்த வீட்டைத் தேடுவோம் என்றாய். லைன் சரியில்லை என்று நான் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

தம்பி, கைதடியில் அப்படியொரு வீடு இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு உனக்கு நினைவிருக்கும். ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து அந்த ஒற்றை வீதியில், மழை வேறு. நீயும் அம்மாவும் முன்னால் போய்விட்டீர்கள். செம்மணியில் அம்மம்மா இனி நடக்கமாட்டேன் என்று சேற்றுக்குள்ளேயே இருந்துவிட்டா. என் சைக்கிள் கரியரில் உன் புத்தகப் பெட்டி. அவிழ்த்து வீதியோரத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு அவவை ஏற்றினேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் ஹாண்டிலில் என் ரேடியோ தொங்கியது. பொருளாதாரத் தடையில் பற்றரியே கிடைக்காமல் மாதக்கணக்காகச் சும்மா கிடந்த ரேடியோ. அதைக் கழற்றி எறிந்துவிட்டு உன் புத்தகங்களில் பாதியையாவது பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை, தம்பி. ஜாம் போத்தல் விளக்கில் நீ எழுத்துக்கூட்டிப் படித்தவை, 112 என்று கொப்பியில் எண்ணி எழுதி வைத்தவை. அடியில் சித்தப்பா தன் பெயர் எழுதி வைத்த 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ். அவனுடைய கையெழுத்து இப்போது நம்மிடம் வேறு எதிலும் இல்லை.

விடிய நீ பெட்டி எங்கே என்று கேட்டாய். கைதடியில் தெரிந்தவர் வீட்டில் வைத்தேன், நீலக் கேற் போட்ட வீடு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சாவகச்சேரியில் இருந்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சைக்கிளில் கைதடிக்குப் போய்த் தேடினாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி நொறுங்கியபோது அந்த வீடும் போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நீ நம்பவில்லை. எத்தனையோ தரம் உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டாயா என்றுதான் வந்தது.

கோபமென்றால் கோபப்படு, ஆனால் கோல் எடு. மார்கழியில் வா. புத்தகங்களைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அடுக்காதே.

அம்மாவுக்கு இது தெரியாது. கைதடியால் பஸ் போகும்போது அவள் இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி நீலக் கேற் தேடுகிறாள்.

அப்பா